மரகதம் அளந்த எஞ்சின்

சிங்காரவேலரின் பழைய காரில் ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்கும். "நாலு லிட்டர் எஞ்சின்!" என்று விருந்தாளிகளிடம் அவர் மார்தட்டியதும், காபி கொண்டுவந்த சமையல்காரி மரகதம் சிரித்துவிட்டாள். அவள் மெக்கானிக் வீட்டில் பிறந்தவள்.

"எஞ்சினைப் பிரிக்காம நீயே அளவைச் சொல்லு! சரியாச் சொன்னா நாளைக்குப் பழைய கார் கண்காட்சிக்கு வண்டியை நீதான் ஓட்டுவே. தப்பாச் சொன்னா வேலை போச்சு!" என்று அவள் சிரிப்பில் கடுப்பான சிங்காரவேலர் சவால் விட்டார்.

மரகதம் அசரவில்லை. ஒரு சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினாள். வால்வுகள் மூடியிருக்கும் நேரம் பார்த்து பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, பிளக் இருந்த துளை வழியே எண்ணெயை நிரப்பினாள். காரின் முன்பக்கக் கைப்பிடியைச் சுற்றி பிஸ்டனை அடிவரை இறக்கியதும், மேற்கொண்டு அரை லிட்டர் பிடித்தது.

"பிஸ்டன் ஏறி இறங்குற இடம்தான் எஞ்சின் அளவு. ஒரு சிலிண்டருக்கு அரை லிட்டர். ஆறுக்கும் சேர்த்து மூணு லிட்டருங்க."

"மீதி ஒரு லிட்டர் எங்கேடி?"

"அது உங்க பேச்சுல இருக்குங்க, ஐயா."

விருந்தாளிகள் வெடித்துச் சிரித்தார்கள். மறுநாள் மரகதம் ஹாரன் அடித்தபடி ஓட்டினாள். பின்சீட்டில் இருந்த சிங்காரவேலர், எஞ்சினைப் பற்றிக் கேட்டவர்களிடமெல்லாம் "மூணு லிட்டர்" என்றார்.