முகமில்லாத கடலட்டை

ஒரே ஒரு கடல்ல, கரைக்குக் கிட்டத்துல, பச்சைப்பசேல்னு ஒரு புல்வெளி இருந்துச்சாம். அதுக்குள்ள ஒரு கடலட்டை இருந்தாளாம். கண்ணும் இல்ல, மூக்கும் இல்ல, கூப்பிட ஒரு பேரும் இல்ல. மண்ணைத் தின்பா, அதுல இருக்கிற அழுக்கை வயித்துல வச்சுக்கிட்டு மண்ணைச் சுத்தமா வெளிய விடுவா. யாராச்சும் ஒருநாள் நம்மளப் பாத்து, "சாப்பிட்டியா?"ன்னு கேக்க மாட்டாங்களான்னு அவளுக்கு ஏக்கம். மண்ணைத் தின்னுறவகிட்ட அதைக் கேப்பாங்களான்னு நீ சிரிக்கிறே. சிரி, அவங்களும் அப்படித்தான் சிரிச்சாங்க.

அந்த இடத்துக்கு ராசா ஒரு களவா மீன், பெரிய வாய்க்காரரு. வருஷத்துக்கு ஒருநாள் எல்லாரும் ராசாவுக்கு முகம் காட்டணும், அது வழக்கம். நண்டு வந்து காட்டுச்சு, கிளிமீன் வந்து காட்டுச்சு, அட்டையும் ஊர்ந்து ஊர்ந்து வந்து குனிஞ்சா. எது தலை எது வாலுன்னு ஒருத்தருக்கும் தெரியல. சபையே சிரிச்சுச்சு. முகமும் இல்ல, தின்னுறதும் அழுக்கு, இவளைத் துரத்துங்கன்னுட்டாரு ராசா.

போனா. திரும்பிப் பாத்து அழலாம்னா கண்ணு இல்லையே, பாவம்.

அவ போன முதல் மாசம் மண்ணு கறுத்துச்சு. ரெண்டாம் மாசம் நாத்தம் எடுத்துச்சு. மூணாம் மாசம் புல்லு அழுகி, நண்டும் கிளிமீனும் வேற இடம் பாத்துப் போயிடுச்சுங்க. ராசா பசியோட அட்டையைத் தேடிக்கிட்டுப் போயி, திரும்பி வந்து உன் வேலையைப் பாருன்னாரு.

"வர்றேன் சாமி. தினம் யாராச்சும் என்கிட்ட ஒரு வார்த்தை பேசணும், அது போதும்."

"அழுக்குக்கு என்ன பேச்சு?"ன்னு ராசா ஆவேசமா அவளைக் கவ்வினாரு. அவ என்ன செஞ்சா தெரியுமா? குடலையே வெளிய வீசிட்டா. பிசின் மாதிரி நூல் நூலா வந்து ராசா வாயை ஒட்டிப்புடுச்சு. தின்ன முடியல, திட்ட முடியல, ஆணை போட முடியல. வத்தி வதங்கி ஆழத்துக்குப் போனவரு போனவருதான்.

அட்டை செத்துட்டாளான்னு கேக்குறியா? அவ சாதிக்குக் குடல் போனா மறுபடி முளைக்கும். வெறும் வயித்தோட தன்னந்தனியாக் கிடந்தா. குடல் முளைச்சுச்சு, பழைய இடத்துக்கே ஊர்ந்து வந்து மண்ணைத் தின்னா, தின்னா, தின்னுக்கிட்டே இருந்தா. புல்லு பச்சை பிடிச்சு எல்லாரும் திரும்பி வந்தாங்க. அப்பவும் அவகிட்ட ஒருத்தரும் பேசல.

ஒருநாள் ஒளிய இடமில்லாம ஒல்லியா ஒரு குட்டி மீன் வந்து நின்னுச்சு. "அக்கா, உன் வயித்துக்குள்ள இடம் இருக்கா? எது வாசல்?"

அவ கூச்சத்தோட வாலைக் காட்டினா. மீன் சிரிக்கல. வால் வழியாவே உள்ள போயி, சுருண்டு படுத்துக்கிட்டு, "சாப்பிட்டியாக்கா?"ன்னு கேட்டுச்சு.

முகம் கேட்டவன் வாய் ஒட்டிப்போச்சு, இடம் கொடுத்தவளுக்குப் பேச்சுத்துணை ஆச்சு. கதை கரையேறிடுச்சு, காலு மணலைத் தட்டிட்டுப் படு.