குலுக்கல் சாரும் ஏழாவது பேரும்

திரையில ஜெபஸ்டின் பேரு வந்துச்சு. எங்க மேக்ஸ் டிபார்ட்மென்ட் ரிஸ்வானாவுக்கு முகமே தொங்கிப் போச்சு! காலேஜ் விழாவுல கம்ப்யூட்டர் திறமையைக் காட்ட, பேரு கொடுத்தவங்கள்ல ஒரே ஒரு ஆளுக்குத்தான் மேடை. அந்த ஆளைப் பொறுக்குறது, கம்ப்யூட்டர் துறைத் தலைவர் சந்தானம் சார் தன் கையாலயே எழுதின குலுக்கல் புரோகிராம்.

ரிஸ்வானா எழுந்தா. "சார், போன வருஷமும் லிஸ்டுல ஏழாவது பேருதான் வந்துச்சு. இப்பவும் ஏழாவதுதான். எப்படி சார்?"

"கணக்குப் பொண்ணுக்கு கம்ப்யூட்டர் மேல சந்தேகமா? என் குலுக்கல்ல அடுத்து என்ன வரும்னு ஆண்டவனாலயே சொல்ல முடியாதும்மா. நீ சொல்லிட்டா மேடை உனக்கு!"

"புரோகிராமை மூடிட்டு மறுபடி திறங்க சார். ஜெபஸ்டின்தான் வருவான்."

சார் சிரிச்சுக்கிட்டே திறந்தாரு. ஜெபஸ்டின்! திரும்பவும் மூடித் திறந்தாரு. அதே ஜெபஸ்டின்! ஹாலே விசிலடிக்குது. "டேய், சத்தியமா நான் எதுவும் பண்ணலடா!"ன்னு ஜெபஸ்டின் கத்துறான்.

"எப்படிம்மா?"ன்னாரு சார், குரல் இறங்கி.

"கம்ப்யூட்டர் தானா குலுக்காது சார். ஒரு ஆரம்ப எண்ணை வச்சு கணக்குப் போட்டுத்தான் பேரை எடுக்கும். நீங்க அந்த எண்ணை மாத்தவே இல்ல, ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அதே எண்ணுதான். ஒரே இடத்துல ஆரம்பிச்சா ஒரே விடைதானே வரும்?"

சார் நெத்தியைத் துடைச்சாரு. "சரி, மேடை உனக்குத்தான். என்ன செஞ்சு காட்டப் போற?"

"இதையேதான் சார்."

ஆமா, உங்க காலேஜ் குலுக்கல்லயும் ஒரே ஆளுக்கே அதிர்ஷ்டம் அடிச்சுக்கிட்டு இருக்கா?