தொங்கிய முட்டு

மாடக்கண்ணுவுக்கு நாற்பத்தெட்டு வயது. கான்கிரீட் தளத்துக்குத் தகரம் அடைக்கிற சென்ட்ரிங் வேலையை அவருக்குக் கற்றுக்கொடுத்த தவசி மேஸ்திரிக்கு முப்பத்தொன்று. அதனால் குரு சிஷ்யரை ‘அண்ணாச்சி’ என்பார். சிஷ்யர் குருவை ‘மேஸ்திரி’ என்பார்.

நூல் மில்லை மூடின பிறகு இந்தத் தொழிலுக்கு வந்தவர் மாடக்கண்ணு. பதினோரு மாசமாகத் தகரம் சுமந்தார், ஆணி பிடுங்கினார், சவுக்குக் கம்பு அறுத்தார். தினமும் வேலை முடிந்து கை கால் கழுவும்போது ஒரே கேள்விதான்.

“மேஸ்திரி, எனக்குத் தொழில் வந்துட்டுதா?”

“அந்தச் சுத்தியலை எடுத்து உள்ள வைங்க அண்ணாச்சி.”

பதிலும் இதுதான். ஒருநாள் சுத்தியல், ஒருநாள் ரசமட்டம், ஒருநாள் ஆணி டப்பா. மாடக்கண்ணுவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்றைக்கு அவருக்கு அவசரம் வேறு. மச்சினன் பூலுடையான் இரண்டு ரூம் வீடு கட்டிக்கொண்டிருந்தான். “தளத்துக்கு நீங்களே சென்ட்ரிங் போடுங்க அத்தான். ஆனா உங்க மேஸ்திரி ஒரு வார்த்தை சொல்லணும். பொழுது சாயறதுக்குள்ள சொல்லலைன்னா வேற ஆளைப் பாத்துருவேன்” என்று சொல்லிவிட்டான். வீட்டுக்காரி வேறு, “இந்த வயசுல இன்னும் அடுத்தவனுக்குத் தகரம் தூக்கிக்கிட்டு” என்று காலையிலேயே ஆரம்பித்திருந்தாள்.

மறுநாள் கான்கிரீட். ஒரு ரூமை முழுசாக மாடக்கண்ணு கையில் விட்டிருந்தார் தவசி. தளத்தைக் கீழேயிருந்து தாங்குகிற கம்புக்கு முட்டு என்று பேர். நூல் பிடித்து, வரிசை பிசகாமல் முட்டு கொடுத்து முடித்திருந்தார் மாடக்கண்ணு. மேலே தகரத்தில் உட்கார்ந்து கம்பி கட்டுகிற இசக்கி வேலையைத் தொடங்கியிருந்தார்.

“மேஸ்திரி, ரூமை வந்து பாருங்க.”

தவசி வாசலில் நின்றபடியே கேட்டார். “எத்தனை முட்டு?”

“முப்பது. ரெண்டரை அடிக்கு ஒண்ணு.”

“எண்ணிப் பாருங்க.”

எண்ணினார். முப்பது. தவசி டீ குடித்துவிட்டு வந்தார்.

“எத்தனை?”

“முப்பதுதான்.”

“இன்னொரு தடவை எண்ணிப் பாருங்க.”

“மேஸ்திரி, மில்லுல ஒரு மெசினுக்கு நூல் சுத்துற கதிரு ஆயிரத்தெட்டு. அதைப் பாத்து ஓட்டுனவன் நான். எனக்கு முப்பது எண்ணத் தெரியாதா?”

தவசி உள்ளே வந்தார். கிழிந்து கிடந்த சிமெண்டுச் சாக்கிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தைக் கிழித்தார். குத்தவைத்து ஒவ்வொரு முட்டின் காலடியிலும் சொருகிப் பார்த்தார். காகிதம் எங்கேயும் நுழையவில்லை. மூலையில் இருந்த முட்டுக்குக் கீழே மட்டும் இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்தது.

மாடக்கண்ணு குனிந்து பார்த்தார். கம்பு ஒரு நூலளவு குட்டை. தலையில் மேல்சட்டத்தோடு ஆணி அடித்திருந்ததால் நிற்கிற மாதிரி இருந்தது.

“இது தளத்தைத் தாங்கலை அண்ணாச்சி. தளம் இதைத் தாங்குது.”

மாடக்கண்ணுவுக்கு முகம் சிவந்தது. ஒரு மர ஆப்பை எடுத்து அதன் காலடியில் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கி ஓங்கி அடித்தார்.

“இப்ப விட்டுப் பாருங்க உங்க பேப்பரை!”

காகிதம் அதில் நுழையவில்லை. பக்கத்து முட்டில் நுழைந்தது.

“இதென்ன கூத்து! காலையில நல்லாத்தானே இருந்துது!”

அதற்கும் ஒரு ஆப்பு, நாலு அடி. இப்போது அதற்கு அடுத்தது காலைத் தூக்கிக்கொண்டது. அதற்கும் அடித்தார். ஒன்றை இறுக்க ஒன்று இளகியது. வேர்வை கண்ணில் இறங்கியது.

மேலேயிருந்து இசக்கி தலையை நீட்டினார். “என்ன அண்ணாச்சி, எங்களை ஆகாசத்துக்கு அனுப்பப் போறீரா? இங்க தகரம் எருமை முதுகு மாதிரி மேடு தட்டிட்டு!”

மாடக்கண்ணு சுத்தியலை வீசி எறிந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

தவசி சுத்தியலைப் பொறுக்கினார். மூலை முட்டின் ஆப்பைப் பின்பக்கமாக லேசாக இரண்டு தட்டு தட்டினார். அடுத்ததற்கு ஒரு தட்டு. அதற்கடுத்ததற்கும் ஒன்று. மேலே சட்டம் முனகி இறங்கியது. மறுபடி காகிதத்தோடு முப்பதையும் சுற்றி வந்தார். எங்கேயும் நுழையவில்லை. நூல் பிடித்துப் பார்த்த இசக்கியும் மேலேயிருந்து, “மட்டத்துக்கு வந்துட்டு” என்றார்.

“இதை முதல்லயே வாயைத் திறந்து சொன்னா என்ன, மேஸ்திரி? பதினோரு மாசமா இப்படித்தான் என் உசிரை வாங்குறீங்க!”

அப்போது மாடக்கண்ணுவின் சட்டைப் பையில் போன் அடித்தது. பூலுடையான். மாடக்கண்ணு எழுந்து போனை அப்படியே தவசியிடம் நீட்டினார்.

“நீங்களே சொல்லிருங்க. உங்க வாயால சொன்னாத்தான் நம்புவான்.”

தவசி பக்கத்தில் இருந்த முட்டை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

“எப்படிப் பேச, அண்ணாச்சி? இதைப் பிடிச்சிக்கிட்டுல்ல நிக்கேன்.”

“அது தானாத்தானே நிக்குது!”

“நிக்குதா?”

“ஆனை மோதுனாலும் அசையாது. விடுங்க மேஸ்திரி, போன் கட்டாயிரும்.”

“நான் விட்டா?”

“விட்டா என்ன ஆயிரும்? நான் போட்ட முட்டு அது!”

சொன்ன பிறகு மாடக்கண்ணு அந்த முட்டைப் பார்த்தார், அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. தவசி கையை எடுக்கவில்லை. மாடக்கண்ணு போனைக் காதில் வைத்தார்.

“மாப்ளே, மேஸ்திரி வார்த்தையெல்லாம் கிடையாது. நாளைக்கு இங்க கான்கிரீட். கொட்டும்போது முட்டுக்கு நடுவுல நான் நிப்பேன். வந்து பாரு. பாத்துட்டு மனசுக்குப் பிடிச்சா வீட்டு வேலையைக் குடு. பிடிக்கலைன்னா வேற ஆளைப் பாரு, எனக்கு வருத்தமில்ல.”

“காலையில வாரேன் அத்தான்” என்றான் பூலுடையான்.

மாடக்கண்ணு போனைப் பைக்குள் போட்டார். ஒரு பெருமூச்சு. உடனே திரும்பினார்.

“சரியாத்தானே சொன்னேன், மேஸ்திரி?”

தவசி தலையில் அடித்துக்கொண்டார்.

“அண்ணாச்சி, நாளைக்கு நான் வரலை. ஒரு கல்யாணத்துக்குப் போறேன்.”

“கான்கிரீட்டு அன்னைக்கா? யாருக்குக் கல்யாணம்?”

“அங்க போயித்தான் விசாரிக்கணும்.”