வெள்ளிக் காசில் பிரபுவின் முகம்

“ஐயா, இந்தக் கையை என்ன செய்தால் சுத்தமாகும்?”

கேட்டவன் லீன்ஹார்ட். ஜெர்மன் மலைநகரம் ஒன்றின் நாணயச்சாலையில் அச்சு வெட்டுபவன். அவன் எஃகில் செதுக்கும், அந்நகரை ஆளும் பிரபுவின் முகம்தான் வெள்ளிக் காசில் விழும்.

ஆன்செல்ம் முட்டைக்கோஸ் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். பழைய திருச்சபையை எதிர்த்த புதிய கிறிஸ்தவப் போதனை பரவியபோது மடத்தைவிட்டு வெளியேறிய துறவி. மனம் தடுமாறும்போதெல்லாம் லீன்ஹார்ட் அவரிடம்தான் வருவான்.

“கை என்ன செய்தது?”

“பொய் சொன்னது.”

ஆன்செல்ம் தலை நிமிரவில்லை. லீன்ஹார்ட் தரையைப் பார்த்தபடியே நடந்ததைச் சொன்னான்.

சில வாரங்களுக்கு முன் ஒரு நாள் அவன் பிரபுவின் எதிரே உட்கார்ந்து முகத்தை வரைந்துகொண்டிருந்தான். சுரங்கத் தொழிலாளிகள் சிலர் உள்ளே வந்தார்கள். தங்கள் தேவாலயப் போதகரைத் தாங்களே தேர்ந்தெடுக்க அனுமதி கேட்டார்கள். பிரபு சிரித்தார். சிரித்துக்கொண்டே, “இவர்களைத் தூக்கில் போடுங்கள்” என்றார். பிறகு லீன்ஹார்டிடம், “என் மூக்கைச் சரியாகப் போடு” என்றார்.

“நீ என்ன செய்தாய்?”

“மூக்கைச் சரியாகப் போட்டேன். கண்ணில் கருணையையும் வைத்தேன். எல்லோரும் பாராட்டினார்கள்.”

“பிறகு?”

“செத்தவர்களின் வீட்டுக்கெல்லாம் ஆளுக்கொரு புதுக் காசு தர்மமாகக் கொடுத்தார்கள். நேற்று சந்தையில், தூக்கில் போட்டவர்களில் ஒருவனான மத்தேஸின் அம்மா அதைப் பார்த்துப் பார்த்து அழுதாள். ‘எவ்வளவு சாந்தமான முகம்! இந்த மகராசன் காரணமில்லாமலா செய்திருப்பார்? என் பிள்ளைதான் ஏதோ தப்புப் பண்ணியிருக்கான்’ என்றாள். நான் முகத்தை மூடிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன்.”

ஆன்செல்ம் எழுந்தார். கை மண்ணைத் தட்டினார். நடந்தார். லீன்ஹார்ட் பின்னாலேயே போனான்.

“எங்கே ஐயா?”

“அவள் வீட்டுக்கு.”

அவன் நின்றுவிட்டான். “பிரபுவுக்குத் தெரிந்தால்?”

“தூக்கில் போடுவார்.”

ஆன்செல்ம் நிற்கவில்லை. சற்று நேரம் கழித்து, பின்னால் காலடிச் சத்தம் கேட்டது.

வீட்டுக் கதவை ஆன்செல்ம்தான் தட்டினார். தட்டிவிட்டு, வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

கதவு திறந்தது. “யாரப்பா நீ?”

லீன்ஹார்டின் காதுவரை சூடேறியது.

“அம்மா… அந்தக் காசிலுள்ள முகத்தை வெட்டியவன் நான். அது பொய். அவர் சிரித்துக்கொண்டேதான் தூக்கில் போடச் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன். உங்கள் பிள்ளை ஒரு தப்பும் செய்யவில்லை. போதகரைத்தான் கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான்.”

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறைவாள் என்று நினைத்தான். காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தான்.

அவள் கதவை அகலத் திறந்தாள்.

“உள்ளே வா. இன்னொரு தடவை சொல்லு. கொஞ்சம் சத்தமாச் சொல்லு. அவன் அப்பாவுக்குக் காது மந்தம்.”