அஞ்சு சைபர் அஞ்சு

ஏர்போர்ட் வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு டீக்கடை. எந்த ஊர்னு கேக்காதீங்க. சொன்னா நாளைக்கே வந்து பெஞ்சைப் பிடிச்சுக்குவீங்க.

அந்தக் கடையில ஒரு குரு, ஒரு சிஷ்யர். குரு பேரு சலேத். லைசென்ஸ் எடுத்து, வீட்டு மாடியில, ஊர் ஊரா ஆளுங்களோட பேசுற ஹாம் ரேடியோ வெச்சிருக்கிற பொம்பளை, இன்னும் நாப்பதாகல. சிஷ்யர் பேரு பலவேசம். வாழைக்காய் மண்டி அண்ணாச்சி; அறுபது தாண்டியாச்சு. விமானத்துல பேசுற பேச்சை ரேடியோவுல பிடிக்க அவதான் அவருக்குக் கத்துக் குடுத்தா. அதுக்காக 'குருவே'ன்னு கூப்பிட ஆரம்பிச்சார். கேலிக்குத்தான். அப்புறம் அது வாயில ஒட்டிக்கிச்சு.

அண்ணாச்சிக்கு ஒரு வழக்கம். யார் பேச ஆரம்பிச்சாலும் மீதியை அவரே முடிச்சிருவார். டாக்டர் "உங்களுக்குச் சர்க்கரை..."ன்னு இழுத்தா, இல்லைன்னு தெரியும்னுட்டு எந்திரிச்சு வந்துருவார்.

அவர் மக ஆவுடைக்கு அந்த ஏர்போர்ட் டவர்லதான் வேலை. எந்த விமானம் இறங்கலாம், எது நிக்கணும்னு சொல்றவ அவ. ஒரு நாள் "அப்பா, கல்யாணத்தைப் பத்தி..."ன்னு வாயெடுத்தா. அண்ணாச்சி அதுக்குள்ள மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டுட்டார். மறுநாள் ஆவுடையோட அத்தை முன்னால வர, தட்டும் தாம்பாளமுமா ஒரு வேன் நிறைய ஆள் வந்து இறங்கிச்சு.

"இப்ப வேண்டாம்"ங்கிறதுதான் அவ சொல்ல வந்த மீதி.

அன்னைக்குக் குவார்ட்டர்ஸுக்குப் போனவ வீட்டுப் பக்கம் திரும்பல. போன் பண்ணினா எடுப்பா. "அப்பா"ம்பா. பாக்கியை இவரே பேசுவார். "சரிப்பா, டூட்டி இருக்கு"ன்னு வெச்சிருவா.

அதனால சாயங்காலமானா அண்ணாச்சி கையில ரேடியோ, ரேடியோவுல மக குரல். அதையாவது சும்மா கேப்பாரா? ஆவுடை ஒருத்தனை இறங்கலாம்னு இங்கிலீஷ்ல சொல்லுவா. இவர் இங்கேயிருந்து, "அதான் சொல்லிட்டால்லா, இறங்கும்வே"ம்பார். விமானமும் இறங்கிரும். அண்ணாச்சிக்கு அதுல ஒரு திருப்தி.

ஒரு நாள் மூஞ்சி தொங்கிப் போய் வந்தார்.

வானத்துல பேச்சு கூடிப் போச்சாம், இடம் பத்தலையாம். இதுவரைக்கும் ஒரு சேனலுக்கு விட்டிருந்த இடத்துல இனிமே மூணு சேனலாம். டவருக்கும் நம்பர் மாறிப் போச்சு. கடைசி மூணு இலக்கம் அஞ்சு சைபர் சைபரா இருந்தது, இன்னையிலேர்ந்து அஞ்சு சைபர் அஞ்சு. அவரோட ரேடியோ பழசு. குமிழைத் திருகினா ஐந்நூறுலேர்ந்து நேரா ஐந்நூத்தி இருபத்தஞ்சுக்குத் தாவும். நடுவுல நிக்கவே நிக்காது. காலையிலேர்ந்து பழைய ஐந்நூறை விட்டுட்டு மேலயும் கீழயும் திருகி விரல் சிவந்ததுதான் மிச்சம். வந்ததெல்லாம் இரைச்சல்.

"என் பிள்ளையை எங்கேயோ கொண்டு போயிட்டானுவ, குருவே."

சலேத் அவர் உக்காந்திருந்த பெஞ்சைப் பாத்தா. நடுவுல அண்ணாச்சி, ரெண்டு காலையும் அகட்டிக்கிட்டு. அவர் ஒருத்தர் உக்காந்தா பெஞ்சு நிறைஞ்சிரும். ரெண்டு ஆட்டோக்காரங்க கையில கிளாஸோட வெளியில நின்னுக்கிட்டிருந்தாங்க. அவங்களைக் கூப்பிட்டு, அவருக்கு இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தரா உக்காரச் சொன்னா. அண்ணாச்சி முணுமுணுத்துக்கிட்டே முழங்காலைச் சேத்தார்.

"இடம் மாறிட்டீங்களா, அண்ணாச்சி?"

"நான் எங்கே மாறுனேன்? காலைத்தானே ஒடுக்குனேன்."

"இப்ப உங்களைத் தேடி ஒருத்தர் வந்தா எங்கே வரணும்?"

"இங்கதான் வரணும். இது ஒரு கேள்வின்னு..."

பாதியில நிறுத்திட்டார். அண்ணாச்சி பேச்சு பாதியில நின்னு ஆட்டோக்காரங்க பாத்ததில்லை. ஒருத்தர் குனிஞ்சு அவர் மூஞ்சியைப் பாத்தார், நெஞ்சுவலியோன்னு.

"அப்ப அந்தக் கடைசி அஞ்சு, குருவே?"

"பெஞ்சுல மூணு பேர் இருக்காங்கன்னு தெரியறதுக்கு வெச்ச அடையாளம்."

சலேத் ரேடியோவை வாங்கிக் குமிழை ஐந்நூறுக்கே திருப்பி வெச்சா. இரைச்சல் அடங்குச்சு. அப்புறம் ஆவுடை குரல். பக்கத்துல நின்னு பேசுற மாதிரி, ஒரு விமானத்தை ரன்வேக்கு முன்னாலயே நிக்கச் சொல்லிச்சு.

அண்ணாச்சி ரெண்டு ஆட்டோக்காரங்களுக்கும் வடை சொன்னார். தனக்கும் ஒண்ணு சொன்னார். காலை ஒடுக்கின மேனிக்கே அதைச் சாப்பிட்டு முடிச்சார்.

ரெண்டு விமானம் இறங்கிச்சு, ஒண்ணு ஏறிச்சு. இவர் ஒண்ணுக்கும் உத்தரவு குடுக்கல. அப்புறம் ரேடியோவைப் பாத்துக்கிட்டே கேட்டார்.

"யாரு எவருன்னு தெரியாத பயலுவ கிட்டல்லாம் எவ்வளவு பொறுமையாப் பேசுதா. நான்னா 'சரிப்பா'வோட முடிஞ்சிருது. அவனுவ அப்படி என்னதான் சொல்லுதானுவ, குருவே?"

சலேத் சத்தத்தைக் கூட்டினா.

எந்த வழியா வரணும், எங்கே நிக்கணும்னு ஆவுடை ஒரு பைலட்டுக்குச் சொன்னா. அவன் அதையே திருப்பிச் சொன்னான். அடுத்தவனுக்குச் சொன்னா. அவனும் திருப்பிச் சொன்னான், ஆனா எங்கே நிக்கணுங்கிறதை விட்டுட்டான். ஆவுடை அதை மட்டும் இன்னொரு தடவை சொன்னா. கோவமே இல்லை. அவன் அதையும் சேத்துச் சொன்னதும், "ரீட்பேக் கரெக்ட்"ன்னா. திருப்பிச் சொன்னது சரின்னு அர்த்தம்.

"அவனுவ புதுசா ஒண்ணும் சொல்லலையே. அவ சொன்னதைத்தானே சொல்லுதானுவ?"

"ஆமா, அண்ணாச்சி. அவ சொன்னதை."

ரேடியோவுல ஆவுடை போய் வேற ஒரு ஆண் குரல் வந்துச்சு. ஷிஃப்ட் முடிஞ்சாச்சு. அண்ணாச்சி கையைத் துடைச்சுக்கிட்டார். அப்புறம் போனை எடுத்தார்.

"அப்பா,"ன்னா ஆவுடை.

அண்ணாச்சி வாயைத் திறந்தார். மூடிக்கிட்டார்.

பழக்கமில்லாத அமைதி.

"அப்பா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"வீட்டுக்கு வரணும்னு எனக்கும் இருக்குப்பா. ஆனா வந்தா கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது. அத்தையை வரவழைக்கக் கூடாது."

அத்தை உனக்கு என்னட்டி பண்ணுனாங்கிற கேள்வி அண்ணாச்சி தொண்டை வரைக்கும் வந்தது. பக்கத்துல உக்காந்திருந்த ஆட்டோக்காரருக்கே அது தெரிஞ்சது. அண்ணாச்சி அதை முழுங்கினார்.

"வீட்டுக்கு வரணும்னு உனக்கும் இருக்கு. வந்தா கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது."

"அத்தையை விட்டுட்டீங்க."

"அத்தையை... வரவழைக்கக் கூடாது."

அப்புறம் டவர் குரல் மாதிரியே, ஆனா கொஞ்சம் நடுங்கிக்கிட்டு:

"ரீட்பேக் கரெக்ட், அப்பா."

அண்ணாச்சி போனை உள்ளங்கையால பொத்திக்கிட்டு சலேத் பக்கம் திரும்பினார். கண்ணு கலங்கியிருந்தது.

"குருவே, சரின்னு சொல்லிட்டா. இப்ப நான் என்ன சொல்லணும்?"

"அவ இன்னும் போனை வெக்கல, அண்ணாச்சி."

அண்ணாச்சி கையை எடுத்துட்டு, போனைக் காதுல வெச்சுக்கிட்டார்.