பாலை மறக்காத வயிறு

மழை எட்டியே பார்க்காத ஒரு காட்டுல, முன்னொரு காலத்துல, மாடு மேய்க்கிற பட்டி ஒண்ணு இருந்துச்சாம். அங்க புள்ளைங்க மட்டுந்தான் பால் குடிக்கும். பால் மறக்கடிச்சாச்சுன்னா அவ்வளவுதான், வயிறும் பாலை மறந்துடும். அப்புறம் ஒரு வாய் குடிச்சாலும் கடமுடான்னு கலக்கி, புதருக்குப் புதர் ஓட வைக்கும். சிரிக்காதீங்க, கேளுங்க.

அந்தப் பட்டியில காராயின்னு ஒருத்தி, கைக்குழந்தைக்காரி. புருஷன் இல்ல, ஒரு பசு உண்டு. பஞ்சம் வந்துச்சு, கம்பு தீர்ந்துச்சு, கிழங்கு தீர்ந்துச்சு, அவ மார்ல பாலும் வத்திப்போச்சு. புள்ளைக்கு மாட்டுப் பாலைப் புகட்டினா துப்புது. அவ என்ன செய்வா? தன் மார்ல பால் ஊறட்டும்னு பசுவைக் கறந்து தானே மடமடன்னு குடிச்சுட்டா. வயிறு கம்முனு கிடந்துச்சு! பழகி வந்ததில்ல கண்ணுங்களா, அவ பிறவியே அப்படி.

பட்டித் தலைவன் சடையாண்டிக்கு அந்தப் பசு மேல ஒரு கண்ணு. அவ குடிச்சது தெரிஞ்சதும், "பெரியவங்க குடிச்சா கன்னுக்குட்டி பாவம் சும்மா விடாது! வயிறு கலங்கறதை மறைக்கிறா கள்ளி. எல்லார் முன்னாலயும் குடிக்கட்டும். யார் வயிறு கலங்குதோ அவங்க மாட்டை விட்டுட்டுப் பட்டியை விட்டே போகணும்"னான்.

"எம் புள்ளைக்குப் பால் ஊறணும். அடிச்சாலும் குடிப்பேன், விரட்டினாலும் குடிப்பேன், கொன்னாலும் குடிச்சுட்டுத்தான் சாவேன்"னா காராயி.

ஒரு கலயம் குடிச்சா. "கடுக்குதா?"ன்னான் சடையாண்டி. "இல்ல." ரெண்டாங் கலயம் குடிச்சா. "கடுக்குதாடி?" "இல்ல." மூணாங் கலயத்தையும் குடிச்சுட்டு, "இன்னும் இருக்கா?"ன்னு கேட்டாளாம்!

சடையாண்டிக்கு ரோஷம் வந்துடுச்சு. "பொம்பளை குடிக்கிறதை நான் குடிக்க மாட்டேனா?"ன்னு ஒரு குடத்தையே வாயில கவுத்தான். மீசையைத் துடைக்கக்கூட நேரமில்ல, வேட்டியைப் பிடிச்சுக்கிட்டு ஓடினான் பாருங்க, ஊரே சிரிச்சுச்சு. திரும்பி வந்தவன்கிட்ட காராயி சொன்னா, "நீங்க சொன்ன தீர்ப்புதான் தலைவரே, மாட்டை விட்டுட்டுக் கிளம்புங்க." தன்வினை தன்னைச் சுடும்னு சும்மாவா சொன்னாங்க?

அவளுக்குப் பால் ஊறுச்சு, புள்ளையும் பிழைச்சுது. அவ வயிறு அந்தப் புள்ளைக்கு வந்துச்சு, பேரம்பேத்தியில சிலதுக்கும் வந்துச்சு. பஞ்சம் வந்தப்பல்லாம் அதுங்க தாக்குப்பிடிச்சுப் பெருகிச்சுங்க. மத்தவங்க பாலைத் தயிராக்கி, மோராக்கிக் குடிக்கக் கத்துக்கிட்டாங்க.

அதான் இன்னைக்கும் ஒருத்தன் செம்பு நிறையப் பால் குடிச்சுட்டு ஏப்பம் விடறான், இன்னொருத்தன் செம்பைத் தூக்கிக்கிட்டு ஓடறான். கதையும் ஆச்சு, காய்ச்சின பாலும் ஆறியாச்சு. ஒத்துக்கிறவங்க குடிங்க, ஒத்துக்காதவங்க ரோஷப்படாம மோரைக் குடிச்சுட்டுப் படுங்க.