பெயருக்கு மட்டும் மை இல்லை

மலையடிவாரத்து மடம் ஒன்றில் குருவைவிடச் சீடருக்கு இருபது வயது கூடுதல்.

சீடர் அம்பலத்தரசன், முப்பத்தாறு வருடம் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர். அன்று காலை அவர் ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். வெளிநாட்டு அன்பர் ஒருவர் மடத்துக்கு அனுப்பிய நீராவி அடுப்பு ஆறு மாதமாகப் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. சமையற்காரர் வேலாண்டி விறகை விடமாட்டேன் என்கிறார். புகையில் அவரோடு நிற்கும் இரண்டு பேர் ஓயாமல் இருமுகிறார்கள். 'தடையாக இருப்பது யார்? பெயரை எழுதுங்கள், ஆளை மாற்றிவிடலாம்' என்று அன்பர் கேட்டிருந்தார். பதிலை வாங்கிப்போக அவருடைய உள்ளூர் அலுவலக டிரைவர் வந்து நின்றார்.

"இந்த மாதிரி ஆட்களுக்கு ஆங்கிலத்தில் நிறையச் சொல் இருக்கிறது, சுவாமி. டைஹார்ட், சாகிறவரை விடாதவன். ஃபாசில், கல்லாய்ப் போனவன். ஸ்டிக் இன் த மட், சேற்றில் சிக்கிக்கொண்டவன்" என்றார் எதிரே இருந்த குருவிடம்.

"எதை எழுதப்போகிறீர்கள்?"

"மாஸ்பேக். முதுகில் பாசி படர்ந்தவன். அசையாமல் கிடந்தால்தானே பாசி பிடிக்கும்?"

குரு சிரிக்கவில்லை. "வேலாண்டிக்கு வேறு போக்கிடம் உண்டா, ஐயா?"

"இல்லை." அம்பலத்தரசன் தலை நிமிராமல் சொன்னார். "மூன்று நாளாக அதைத்தான் யோசிக்கிறேன். இருமுகிறவர்களுக்கும் போக்கிடம் இல்லையே."

"அதுவும் சரி. எழுதுங்கள்."

'எங்களிடம் ஒரு மாஸ்பேக் இருக்கிறார். அவர் பெயர்' என்று எழுதியபோது பேனாவில் மை தீர்ந்தது. புட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை.

டிரைவர் சட்டைப்பையிலிருந்து பால்பாயிண்ட் பேனாவை எடுத்து நீட்டினார். "இந்தாங்க சார்."

"வேண்டாம் தம்பி. எனக்கு மைப்பேனாதான்."

"ஒரு பேருதானே சார்?"

"அதில் எனக்குக் கை வராது."

"டவுனுக்குப் போயி மை வாங்கணும்னா சாயங்காலம் ஆயிரும். எங்க ஐயா அங்கிருந்து போன் மேல போன் போடுவாரு."

அம்பலத்தரசன் பேனாவை உதறிக்கொண்டே இருந்தார். குரு டிரைவரைக் கையமர்த்தினார்.

"மடைப்பள்ளியில் மை இருக்கும், ஐயா. போய்க் கேளுங்கள்."

மடைப்பள்ளிக்குள் நுழைந்ததும் கண் எரிந்தது. புகைக்குள் யாரோ இருமினார்கள்.

"கண்ணைத் தொடைக்காதீங்க சாமி, இன்னும் எரியும்" என்றார் வேலாண்டி.

"மை வேண்டும்."

அரிசி மூட்டைக்கு நம்பர் போட, சட்டியடிக் கரியைச் சுரண்டிப் பிசின் தண்ணீரில் குழைத்து ஒரு சிரட்டையில் வைத்திருப்பார் வேலாண்டி. அதை எடுத்துத் துண்டால் விளிம்பைத் துடைத்தார்.

"என்னையப் பத்தி லெட்டர் போகுதுங்களாமா?"

அம்பலத்தரசன் சிரட்டைக்குக் கை நீட்டினார்.

"ரெண்டு தடவை அந்தப் பொட்டியைத் தெறந்து பாத்தனுங்க. அவனுக இருமறது எனக்கும் கேக்காமயா இருக்குது? என்ன செய்யறதுங்க, அதுல எனக்குக் கை வரலீங்க." சிரட்டையைக் கொடுத்தார். "நிப்பை நனைச்சு எழுதுங்க சாமி. காஞ்சா அழியாது."

அம்பலத்தரசன் சிரட்டையோடு திரும்பி வந்து உட்கார்ந்தார். நிப்பை மையில் தோய்த்தார். காகிதத்துக்கு ஒரு விரற்கடை மேலே கை நின்றது.

"மணி பன்னெண்டு ஆகுது சார்" என்றார் டிரைவர்.

"சுவாமி, அன்பர் ஒரே ஒரு பெயர்தான் கேட்டிருக்கிறார்."

"ஆமாம். இடமும் ஒரு பெயருக்குத்தான் இருக்கிறது." குரு டிரைவரிடம் கை நீட்டி பால்பாயிண்ட் பேனாவை வாங்கிக்கொண்டார். "நீங்கள் எந்தப் பெயரை எழுதினாலும் நான் இதிலேயே கையெழுத்துப் போடுகிறேன், ஐயா."

நிப்பில் மை காய்ந்துகொண்டிருந்தது.